மழையும் ஓடும் முற்றமும்

கொழும்பு மாநகரில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். இலண்டன் மாநகரிற் பெய்வது அதில் நான்கிலொரு பங்கு. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, ஐரோப்பாவிற் பிறந்த புதுமுறைக் கட்டடக்கலை இலங்கைக்கு வந்து சேர்ந்தபொழுது பட்ட இன்னல் எளிதில் விளங்கும். தட்டையான கூரை, வெண்சுண்ணம் பூசிய வழுவழுப்பான சுவர், பரந்த கண்ணாடி யன்னல் என்பன இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் நாகரிகத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு புதுமையை விரும்பியதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும், இரண்டு பருவமழை கடந்ததும் வெண்சுவரிற் கரும்பாசி வழிந்தது. தட்டைக் கூரையில் தேங்கிய நீர் வெடிப்புகளின் வழியே உள்ளே கசிந்தது. கண்ணாடி அறையோ முற்பகலிலேயே அடுப்பங்கரை போலாயிற்று. இவ்வின்னலுக்கு விடை தேடிய ஒரு கட்டடக்கலை நிறுவனத்தின் வரலாறே இங்கு கூறப்படுவது.

விடை தொலைவில் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நேயர்கள் அறிவர். நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழத் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி நாற்புறமும் அறைகள். வெப்பமுற்ற காற்று முற்றத்தின் வழியே மேலெழ, அதன் இடத்தை நிரப்ப நிழலிற் கிடந்த குளிர்ந்த காற்று அறைகளினூடே நகரும். மழை பெய்யுங்கால் நான்கு கூரைகளின் நீரும் முற்றத்தில் விழும். பனஞ்சலாகையும் களிமண் ஓடும் அவ்வூர்ப் பொருள்களே. தெற்கே சிங்களப் பெருங்குடியினரின் வளவு வீடுகளிலும், காலிக் கோட்டையுள் ஒல்லாந்தர் கட்டிய தெருமனைகளிலும் இதே அறிவு வேறு வேறு வடிவிற் காணப்பட்டது. ஆயின், இவை யாவும் பழமை என்று ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. கொழும்பிற் பொருள் படைத்தோர் கட்டிய வீடுகள் தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் ஆங்கில மாளிகையையே பின்பற்றின.

அவ்வொதுக்கலை முதன்முதலில் மறுத்தவர் ஒரு பெண்மணி என்பதை இவ்விடத்தே சொல்லியாகவேண்டும். கண்டியைச் சேர்ந்த மினெற் டி சில்வா, 1948 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் கழகத்தில் உறுப்புரிமை பெற்றவர். அவ்வுரிமை பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. கண்டி மலைச்சரிவில் அவர் கட்டிய கருணாரத்தின இல்லம் 1951 இல் நிறைவுற்றது. கொங்கிரீற்றுத் தூண்களுக்கு இடையே தும்பறைப் பாய் நெசவையும் நாட்டுக் கைவினையையும் அவர் அங்கு இணைத்தார். 1950களின் பிற்பாதியில் கண்டி வட்டப்புலுவையில் அரசாங்க உத்தியோகத்தர்க்கென எழுந்த வீடமைப்புத் திட்டத்திலோ, குடியேறப் போகின்றவர்களிடமே அவர்தம் வாழ்க்கைமுறையையும் தேவையையும் கேட்டறிந்து வீடுகளை வகுத்தார். அந்நாளில் அது மிகவும் அரிய செயல். பின்வந்தோரின் புகழொளியில் அவர் பெயர் நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. 1998 இல் அவர் காலமானபோது அவர் கட்டியவற்றுட் பல பேணுவாரற்றுக் கிடந்தன.

இனி நிறுவனத்துக்கு வருவோம். எட்வேட்ஸ், றீட், பெக் என்பது ஆங்கிலேயர் ஆட்சியிற் கொழும்பிலே தொழில் நடத்திய பழைய நிறுவனம். 1951 இல் அதன் பங்காளருள் எஞ்சியிருந்தவர் எச். எச். றீட் ஒருவரே. அவரிடம் தொழில் பழக வந்து சேர்ந்தார் முப்பத்திரண்டு வயதான ஒரு சட்டத்தரணி. அவர் பெயர் ஜெப்ரி பாவா. 1919 இற் கொழும்பிற் பிறந்து, கேம்பிறிட்ஜில் ஆங்கில இலக்கியமும் இலண்டனிற் சட்டமும் கற்று, அத்தொழிலில் மனம் பற்றாது உலகஞ் சுற்றித் திரும்பியவர். பெந்தோட்டைக்கு அண்மையில், தெத்துவ வாவிக் கரையிலே கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் இறப்பர்த் தோட்டத்தை 1948 இல் வாங்கி, அதனைத் தம் விருப்பப்படி அமைக்க முயன்றார். லுணுகங்க என்னும் அத்தோட்டமே, தமக்குக் கட்டடக்கலையில் ஆசை மட்டுமுண்டு, அறிவு போதாது என்பதை அவருக்கு உணர்த்தியது. 1952 இல் றீட் காலமானார். பாவா மீண்டும் இலண்டன் சென்று, தம்மினும் பதினைந்து இருபது ஆண்டு இளையோருடன் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்றுத் தேறினார். ஊர் திரும்பி அந்நிறுவனத்தில் எஞ்சியிருந்ததைப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

1959 இல் உல்றிக் பிளெஸ்னர் என்னும் டென்மார்க்கு நாட்டவர் அவருடன் இணைந்தார். இவர் இலங்கைக்கு வந்தது மினெற் டி சில்வாவிடம் பணிபுரிவதற்காகவே. இருவரும் முதலிற் செய்த நற்செயல், தம் கைக்குக் கிட்டிய பழைய கட்டடங்களை அளந்து படம் வரைவித்தமையாம். பாபரா சன்சோனி, லக்கி சேனாநாயக்க முதலான கலைஞர் விகாரைகளையும் அம்பலங்களையும் பழைய வீடுகளையும் நாடிச் சென்று, கூரையின் சரிவு எத்துணை, தூணின் பருமன் எத்துணை, தாழ்வாரத்தின் அகலம் எத்துணை என்று குறித்து வந்தனர். ஏட்டுச்சுவடி தேடி அலைந்த பெரியோரின் பணியோடு இதனை ஒப்பிடலாம். படம் எடுக்கப்பட்ட கட்டடங்களுட் சில பின்னர் இல்லாது போயின, படங்கள் எஞ்சின.

நாட்டின் கருவூலமும் அந்நாளில் இவ்வாராய்ச்சிக்கு ஒரு வகையில் உதவியது. தேயிலையும் இறப்பரும் ஈட்டித் தந்த அந்நியச் செலாவணி 1950களின் இறுதியிற் கரையத் தொடங்கவே, 1960 ஐ அடுத்து அரசாங்கம் இறக்குமதிகளை வெட்டியது. கண்ணாடி, உருக்கு, பித்தளைப் பூட்டு, குளியலறைச் சாதனம் என்பனவெல்லாம் அருமைப் பொருள்களாயின. பிற நாட்டுச் சஞ்சிகைகளைப் பார்த்து வீடு கட்ட விரும்பியோர் திகைத்து நின்றனர். களிமண், கருங்கல், சுண்ணாம்பு, தென்னைமரம், முதிரை மரம் என்பவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதே கேள்வியாயிற்று. சிக்கனம் என்பது இங்கே ஓர் அறநெறியாக வரவில்லை, கட்டாயமாகவே வந்தது. இதனை மறந்து இந்நிறுவனத்தைப் போற்றுவோர் அதன் வரலாற்றிற் பாதியை விட்டுவிடுகின்றனர்.

இக்கட்டாயத்தினின்றும் பிறந்த முதற் பெரும் படைப்பு, கொழும்பில் எனா டி சில்வாவுக்கெனக் கட்டப்பட்ட வீடு. மாத்தளை அலுவிகாரைக் குடும்பத்தில் வந்த இவ்வம்மையார் பத்திக் துணி ஓவியத்தைப் பெருங்கலையாக வளர்த்தவர். தம் வீட்டில் மரபின் சாயல் வேண்டும், ஆனால் புதிய வாழ்வுக்கும் ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்று அவர் கேட்டார். நிலமோ சிறிது, நகரமோ நெருங்கி வளர்ந்துகொண்டிருந்தது. 1960 இல் தொடங்கி 1962 இல் முடிந்த அவ்வீடு, தெருவுக்கு உயர்ந்த மதிலைக் காட்டி, தன் அழகையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டது. நடுவிலே கருங்கற் பரவிய பெருமுற்றம். அதிலே நிழல்மரமும் பழைய அரைகற்களும். சுற்றிலும் அகன்ற விறாந்தை. அதனைத் தாங்கும் மரத்தூண்கள் கருங்கல் அடியில் நின்றன. அறைகளுக்கும் முற்றத்துக்கும் இடையே அடைத்த சுவர் குறைவு, கண்ணாடி இல்லை. மரச்சலாகை அடித்த யன்னல்களின் வழியே காற்று ஓயாது நடமாடியது. பெருமுற்றம் ஒன்றோடு அமையாமல் சிறு முற்றங்கள் பலவும் அறைகளுக்கிடையே செருகப்பட்டன. ஓர் இடம் வெயிலில் சூடேற, மற்றோரிடம் நிழலில் தண்ணென்றிருக்க, அவ்விரண்டின் வேறுபாடே காற்றை ஓட்டும் விசையாயிற்று.

நாற்சார் வீட்டைக் கண்டு பழகியவர்க்கு இதிலென்ன புதுமை என்று தோன்றலாம். புதுமை முற்றத்தில் அன்று, அதனை வைத்த இடத்திலேயே உள்ளது. விரிந்த வளவின் நடுவே இருந்ததொரு கிராமத்து வடிவம், சில பேர்ச்சு அளவேயுள்ள நகர நிலத்தில் மதிலோடு மதிலாக ஒட்டி வாழத்தக்கது என்பதை இவ்வீடு காட்டியது. நாற்புறமும் தோட்டம் விட்டு நடுவே வீடு கட்டுவதாயின் அத்தோட்டம் அயலார் யன்னலுக்கு இரையாகும். தோட்டத்தை நடுவே வைத்து வீட்டைச் சுற்றிலும் கட்டினால் ஒரு சாணும் வீணாகாது.

கூரையைப் பற்றி இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். அரைவட்டமாக வளைந்த நாட்டோடு இரண்டு அடுக்காக வேயப்படுவது. கீழடுக்கு மல்லாந்தும் மேலடுக்குக் கவிழ்ந்தும் கிடக்கும். அழகிலும் குளிர்ச்சியிலும் அதற்கு நிகரில்லை. ஆனால் பாரம் மிகுதி. சரிவு குறைந்தால் ஓடு ஒழுகும். காகமும் குரங்கும் நகர்த்திவிட்ட ஓட்டை மழைக்கு முன் ஒவ்வோராண்டும் ஏறித் திருத்தவேண்டும். நெளிவுள்ள அஸ்பெஸ்ரஸ் சீற்றோ ஒழுகாது, மலிவானது, மென்சரிவிலும் நிற்கும். ஆனால் பார்வைக்கு வறண்டது. நண்பகலிற் கீழே இருப்பாரை வேகவைப்பது. இந்நிறுவனத்தார் இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தனர். சீற்றைக் கீழே பரப்பி, அதன் நெளிவுகளின்மேல் நாட்டோட்டை ஓரடுக்காகப் பதித்தனர். மழையைத் தடுப்பது சீற்று. வெயிலைத் தாங்குவது ஓடு. ஓட்டின் தொகை பாதியாகக் குறைந்தது. குரங்கு நகர்த்தினாலும் வீடு நனையவில்லை. சரிவைத் தாழ்த்தி, இறவாரத்தைச் சுவருக்கு வெளியே நெடுந்தூரம் நீட்டவும் முடிந்தது. நீண்ட இறவாரத்தின் கீழே சுவர் நனையாது. சுவர் நனையாவிடிற் பாசி பிடியாது. யன்னலை மழையிலும் திறந்து வைக்கலாம். இலங்கையெங்கும் இன்று இவ்வகைக் கூரையைக் காண்போர், இஃது ஆதிமுதல் வழங்கிவருவது என்றே எண்ணுவர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அஸ்பெஸ்ரசின் நுண்ணிய நார் நுரையீரலிற் சென்று தங்கிக் கொடிய நோயை விளைக்கும் என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியே பேராபத்து. ஆகவே அவ்வாபத்து வீட்டிற் குடியிருப்பாரைவிடக் கூரை வேய்ந்தோரையே மிகுதியாகச் சாரும். அந்நாளில் இலங்கையிற் கட்டட வேலைத்தலங்களில் அதனைக் கருதிப் பார்த்தவர் அரியர். நாட்டுப் பொருள், நாட்டு முறை என்று பாராட்டப்படும் அக்கூரையின் பாதி, பிற நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்த நாரால் ஆனது என்பதும் மறக்கத்தக்கதன்று. இன்று அதே முறையைக் கையாள விரும்புவோர்க்கு நாரில்லாத வேறு தகடுகள் கிடைக்கின்றன.

வேலை நடந்த முறையும் குறிப்பிடத்தக்கது. பொலொந்தலாவ என்னுமிடத்தில் 1960களின் நடுப்பகுதியில் ஒரு தோட்ட மனேஜருக்கு வீடு கட்டவேண்டியிருந்தது. காட்டினூடே யானை படுத்தாற்போலப் பெரும்பாறைகள் கிடந்த நிலம் அது. பாறையை உடைத்துச் சமதரை செய்வதே வழக்கம். பாவாவும் பிளெஸ்னரும் அவ்வாறு செய்யாது, கழியும் கயிறுங் கொண்டு பாறைகளுக்கிடையே நிலத்திலேயே வீட்டைக் குறித்தனர். கூரையின் உத்தரம் பாறையிற் சென்று தங்கியது. பாறையே சில இடங்களிற் சுவராயிற்று. நம் ஊர் ஆசாரிமார் இவ்வாறு நிலத்திற் கயிறு பிடிப்பதை யாவரும் கண்டிருப்பர். கல்லூரியிற் கற்றவர்கள் அதனை மேற்கொண்டதுதான் செய்தி.

பிளெஸ்னர் 1960களின் பிற்பகுதியில் நாட்டைவிட்டு நீங்கினார். அதன்பின் பாவாவின் பங்காளராய் இருபதாண்டுக் காலம் தோள்கொடுத்தவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் அவர்கள். பாவாவின் பெயரை அறிந்தாருட் பலர் இப்பெயரை அறியார். கட்டடத்தின் புகழ் வடிவை நினைத்தவரைச் சேர்வதும், அதனை நிற்கச் செய்தவரை விட்டு விலகுவதும் உலக வழக்கு. எனினும் 1967 முதல் அந்நிறுவனத்தின் கையிலிருந்து வெளிப்பட்டவற்றின் அளவைப் பார்த்தாலே இவருடைய பங்கின் பருமை புலப்படும். அதுவரை வீடுகளும் சிற்றாலயங்களும் பள்ளிக் கட்டடங்களும் கட்டிய நிறுவனம், இனிப் பெருங் கந்தோர்களும் விருந்தினர் விடுதிகளும் பல்கலைக்கழகமும் பாராளுமன்றமும் கட்டப்போகின்றது. கணக்கும் காலமும் கூலியும் பொருளும் ஒருவர் கையில் ஒழுங்காக நில்லாவிடில் இவற்றுள் ஒன்றும் எழுந்திராது. அக்காலத்தில் அந்நிறுவனத்தின் பணி கடல் கடந்து மதுரைக்கும் சென்னைக்கும் சென்றது. மதுரையில் 1970களின் முற்பகுதியிற் கட்டப்பட்ட கழக மனையிலும் அவ்வூர்க் கல்லும் அவ்வூர்க் கைத்திறனுமே கையாளப்பட்டன.

ஒறுவலையில் இருந்த உருக்குக் கூட்டுத்தாபனத்தின் கந்தோர் 1960களின் இறுதியில் இவர்களாற் கட்டப்பட்டது. சோவியத்து நாட்டின் உதவியோடு அமைந்த தொழிற்சாலை அது. இயந்திரங்களைக் குளிர்விப்பதற்கென ஒரு நீர்த்தேக்கம் அங்கே தேவைப்பட்டது. அந்நீரின் விளிம்பிலேயே கந்தோரை நிறுத்தினர். மாடிக்கு மாடி சற்றே வெளியே நீண்டு, மேல்மாடி கீழ்மாடிக்குக் குடையாயிற்று. ஓடு வேயாத இக்கட்டடத்தில், முன்னரே வார்த்தெடுத்த கொங்கிரீற்றுச் சட்டங்கள் இறவாரத்தின் வேலையைச் செய்தன. ஓடும் மரமும் இவர்களுக்கு வழிபாட்டுப் பொருள்கள் அல்ல என்பது இதனால் விளங்கும். மழையையும் வெயிலையும் தடுத்துக் காற்றை விடுதல் என்பதே நோக்கம்.

அந்நோக்கம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது கொழும்பிலே, 1976 க்கும் 1978 க்கும் இடையில் எழுந்த அரச ஈட்டு வங்கிக் கட்டடத்திலேயாம். பன்னிரண்டு மாடி. உலகெங்கும் அத்தகைய கட்டடங்கள் கண்ணாடியால் மூடப்பட்டுக் குளிரூட்டும் இயந்திரத்தால் உயிர் வாழ்ந்த காலம் அது. 1973 இல் எரிபொருள் விலை ஏறியபின்னும் பலர் அவ்வழக்கத்தை மாற்றவில்லை. இவர்களோ இயந்திரத்தை நம்பாது இயற்கைக் காற்றை நம்பிப் பன்னிரண்டு மாடியைக் கட்டத் துணிந்தனர். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே நிற்பதால் அதன் வெப்பம் கூரையையே தாக்கும். காலையும் மாலையும் கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் கதிரே சுவரைச் சுடும். ஆகவே அவ்விரு திசைக்கும் கட்டடத்தின் குறுகிய முகங்களைக் காட்டி, அகன்ற முகங்களைக் காற்று வரும் போக்குக்கு இசைய வைத்தனர். மழையிற் கண்ணாடியைச் சாத்திய நேரத்திலும் காற்று உட்புகுவதற்கு யன்னலோடு இணைந்த தனிவழி விடப்பட்டது. உள்ளே உயர்ந்த தடுப்புச் சுவரில்லை. ஒரு பக்கத்திற் புகுந்த காற்று உத்தியோகத்தர் மேசைகளின் மேலாக மறுபக்கத்தால் வெளியேறும். உயரமான கட்டடத்தில் மேல்மாடிக்குக் கடற்காற்று இன்னும் விசையோடு வரும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டனர்.

இவ்வகைக் கட்டடத்துக்கு ஒரு நொய்மை உண்டு. அது தன்னுள்ளே வாழ்பவரின் நல்லறிவை வேண்டி நிற்பது. மேலதிகாரி ஒருவர் தமக்கெனத் தனியறை வேண்டுமென்று கூரைவரை ஒரு பலகைச் சுவரை எழுப்பினாற் போதும், மறுபக்கத்திற் பத்துப் பேருக்குக் காற்று நின்றுவிடும். அவர்கள் குளிரூட்டி கேட்பர். குளிரூட்டி வந்தால் யன்னல் அடைபடும். பின்னர் அக்கட்டடம் குளிரூட்டிக்கெனவே கட்டப்பட்ட கட்டடத்திலும் கேடாக வெதும்பும். பதவிக்கேற்ற அறை என்ற எண்ணம் வெப்பத்தை விட வலியது என்பதைக் கொழும்புக் கந்தோர்களை அறிந்தோர் மறுக்கமாட்டார்.

1977 இல் நாட்டின் பொருளாதாரக் கதவு திறக்கப்பட்டது. கண்ணாடியும் உருக்கும் குளிரூட்டியும் துறைமுகத்தில் வந்து குவிந்தன. 1979 இல் புதிய பாராளுமன்றத்தை அமைக்கும் பணி இந்நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையிற் சதுப்பு நிலத்தை அகழ்ந்து நீரை நிரப்பி, அதன் நடுவே செப்புக் கூரைகளோடு எழுந்த அம்மாளிகை 1982 ஏப்பிரில் 29 இல் திறந்து வைக்கப்பட்டது. கட்டியோர் ஜப்பானிய ஒப்பந்தக்காரர். அதன் கம்பீரம் யாவரும் கண்டதே. ஆயினும் குறுகிய தவணையும் பிற நாட்டுப் பொருளும் குளிரூட்டியுமின்றி அது அமைந்திராது. பஞ்சகாலத்தில் வளர்ந்த கலைக்கும் அதற்கும் உறவு, நீண்டு சரிந்த கூரையின் சாயலளவிலேயே நிற்கின்றது.

அக்கலையின் உண்மையான தொடர்ச்சியை மாத்தறையிற் காணலாம். உருகுணைப் பல்கலைக்கழகம் 1980களில் கடலைப் பார்த்த குன்றுகளின்மேல் எழுந்தது. குன்றைத் தரைமட்டமாக்கி ஒரே பெருங்கட்டடம் கட்டாது, ஏறத்தாழ ஐம்பது கட்டடங்களாகப் பிரித்து, சரிவு சென்றவாறே படியும் தாழ்வாரமும் முற்றமுமாக இணைத்தனர். அடிவாரத்துத் தாழ்நிலம் வாவியாயிற்று. சாந்து பூசிய செங்கற் சுவரும், சீற்றின்மேற் பதித்த ஓட்டுக் கூரையும், திறந்த விறாந்தையுமே அங்கும் உள்ளன. கொழும்பில் ஒருவர் இருவர்க்கு வீடு கட்டப் பயன்பட்ட முறை, ஆயிரக்கணக்கான மாணவர் கற்கும் இடத்துக்கும் போதுமானது என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு விரிவுரை முடிந்து மற்றொன்றுக்குச் செல்லும் மாணவன் மழையில் நனையாமலே குன்றின் பல பகுதிகளுக்கும் செல்லலாம். நாடு பெற்ற பயனைக் கொண்டு அளந்தால், பாராளுமன்றத்திலும் இதுவே பெரிய படைப்பு எனல் வேண்டும்.

1989 ஐ அடுத்துப் பழைய பங்காண்மை முடிவுற்றது. எழுபது வயதைத் தாண்டிய பாவா, இளைஞர் சிலருடன் தம் வீட்டிலிருந்தே பணியைத் தொடர்ந்தார். அந்நாளில் அவரை நாடி வந்தது கண்டலம விடுதித் திட்டம். சீகிரியாக் குன்றை ஒட்டிய நிலமே முதலிற் காட்டப்பட்டது. அதனை மறுத்து, சில கல் தொலைவிலே கண்டலமக் குளத்தை நோக்கிய செங்குத்தான பாறைமுகத்தை அவர் தெரிந்தார். செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. பௌத்த பிக்குகளும் சூழலைப் பேணுவோரும் விவசாயிகளும் குளத்து நீர் மாசுறும் என்றும், காடு அழியும் என்றும், ஊர்ப் பண்பு குலையும் என்றும் அஞ்சினர். அச்சம் நியாயமற்றதன்று. பழைய அரசர் கட்டிய குளம் வயலுக்குரியது; அதன் கரையில் உல்லாசப் பயணிக்கு இடம் கொடுப்பதா என்ற கேள்வியைக் கட்டடக்கலையால் மட்டும் தீர்க்க இயலாது.

கட்டடம் எழுந்த முறை அவ்வச்சத்தில் ஒரு பகுதியைத் தணித்தது எனலாம். பாறையை வெட்டாது, தூண்களின்மேல் அதனை நிறுத்தி, மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அடியாலே ஓடிச் செல்ல வழிவிட்டனர். கழிவுநீரைக் குளத்திற் கலவாது சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் ஏற்பாடு செய்யப்பட்டது. முகப்பு முழுதும் சட்டம் அடித்துக் கொடி படரவிடப்பட்டது. கூரையோ தட்டையானது! ஐம்பதுகளிற் கசிந்து கசிந்து கைவிடப்பட்ட அதே தட்டைக் கூரை, இப்போது நீர்புகாத படையும் மண்ணும் பெற்றுத் தோட்டமாயிற்று. 1994 இல் முடிவுற்ற இவ்விடுதி சில ஆண்டுகளிற் காட்டோடு காடாய் மறைந்துபோனது. சூழலைப் பேணும் கட்டடங்களுக்கு அமெரிக்க நாட்டுக் கழகமொன்று வழங்கும் சான்றிதழை 2000 ஆம் ஆண்டளவிலேயே பெற்ற பெருமையும் இதற்குண்டு. அடுத்த ஆண்டில் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசின் சிறப்பு விருது பாவாவுக்கு அளிக்கப்பட்டது. 1998 இற் பக்கவாதத்தாற் பேச்சிழந்திருந்த அவர், 2003 மே 27 இற் காலமானார்.

இவ்வரலாற்றிற் குறையும் உண்டு. இந்நிறுவனத்தின் வீடுகளிற் குடியிருந்தோர் பெரும்பாலும் செல்வர். மினெற் டி சில்வா வட்டப்புலுவையிற் செய்ததுபோற் சாதாரண உத்தியோகத்தனுக்கோ தொழிலாளிக்கோ நூற்றுக்கணக்கில் வீடு வகுக்கும் பணி இதன் கைக்கு வரவில்லை. இன்று நாட்டோடு வேய்ந்து முதிரைத் தூண் நிறுத்தி முற்றம் விடுவது செல்வத்தின் அடையாளமாகிவிட்டது. ஏழை தகரத்தின் கீழும், நடுத்தரத்தார் கொங்கிரீற்றுத் தட்டின் கீழும் வியர்த்திருக்கின்றனர். வடக்கிற் போருக்குப்பின் எழுந்த வீடுகளுள் எத்தனையில் முற்றம் உண்டு என்று எண்ணிப் பார்ப்பின் விரல்கள் மிஞ்சும். கட்டாயத்திற் பிறந்த முறை, கட்டாயம் உடையோரிடம் போய்ச் சேரவில்லை.

கொழும்பில் நிலத்தின் விலை ஏறியபொழுது எனா டி சில்வா அம்மையாரின் வீடும் விலைப்பட்டது. அது நின்ற நிலம் பிறிதொரு தேவைக்கு வேண்டியிருந்தது. 2009 ஆம் ஆண்டளவில் அவ்வீட்டை இடிப்பதற்கு மாறாகப் பிரிப்பது என்று முடிவு செய்யப்பட்டது. கல்லும் மரமும் கதவும் ஓடும் ஒவ்வொன்றாக எண்ணிடப்பட்டுக் கழற்றப்பட்டன. ஒவ்வொரு சுவரும் அளந்து வரையப்பட்டது. முன்னொரு காலத்தில் பழைய விகாரைகளையும் வளவுகளையும் அளந்து வரைந்த அதே வேலை, இம்முறை அவ்வேலையாற் பிறந்த வீட்டுக்கே செய்யப்பட்டது. பிரித்த பொருள்கள் லொறிகளில் ஏறித் தெற்கே பெந்தோட்டைக்குச் சென்றன. லுணுகங்கத் தோட்டத்தின் பக்கத்தில் அதே முற்றமும் அதே தூண்களுமாக வீடு மீண்டும் எழுந்து, 2016 இல் பார்வைக்குத் திறந்து வைக்கப்பட்டது. எனா அம்மையார் அதற்கு முந்திய ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.